மல்லாந்து பார்த்த அட்டைகள்

என் தங்கையின் கணவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது அவருடைய பாதங்கள்தான், முகம் அல்ல. எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். அவர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்தே கழித்தவர். பார்க்கப் போகிறவர்களுக்குக் கணுக்காலுக்குக் கீழேதான் தரிசனம். கால் கட்டைவிரல் மெல்ல ஆடினால் வேலை நன்றாகப் போகிறது. ஒரு பாதம் மற்றதன்மேல் ஏறிக் கிடந்தால் யோசிக்கிறார். இரண்டும் அசையாமல் நேராக நின்றால் கிட்டப் போகாமல் இருப்பது நல்லது. "கல்யாணமான நாள்லேருந்து இவர் மூஞ்சியைவிடக் காலைத்தான் அதிகமாப் பார்த்திருக்கேன். கூட்டத்துல தொலைஞ்சு போனா எல்லாரையும் செருப்பைக் கழட்டச் சொல்லித்தான் கண்டுபிடிக்கணும்" என்பாள் என் தங்கை.

ஊரில் அவரை அட்டைக்காரர் என்பார்கள். பழைய அட்டை வாங்குபவர் என்று நினைத்து ஒருவர் காலிப் பெட்டிகளைத் தலையில் சுமந்துகொண்டு வந்ததும் உண்டு. அவரைத் திருப்பி அனுப்பாமல், பெட்டிகளில் தடித்தவையாகப் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டார். உண்மையில் அவர் தொழில் பழைய வண்டிகளின் கியர்பாக்ஸைப் பழுது பார்ப்பது. அதிலும் தானாகவே கியர் மாறும் ஆட்டோமேட்டிக் என்றால் சுற்றுவட்டாரத்தில் அவரைத்தான் தேடி வருவார்கள்.

பழைய வண்டிகளில் ஒரு சங்கடம் உண்டு. மூக்கில் ஒட்டியிருக்கும் பெயரை நம்ப முடியாது. ஒரு கம்பெனி ஒரே பெயரில் பல வருடங்கள் வண்டி விட்டிருக்கும். நடுவில் எஞ்சினை மாற்றியிருக்கும், கியர்பாக்ஸை மாற்றியிருக்கும், பெயரை மட்டும் விட்டிருக்காது. அப்புறம் அந்த வண்டி கைமாறிக் கைமாறி வரும்போது, யாரோ ஒருவர் கிடைத்த எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்திருப்பார். பதிவுப் புத்தகம் ஒன்று சொல்லும், பானட்டைத் திறந்தால் வேறொன்று உட்கார்ந்திருக்கும்.

எஞ்சினையாவது எப்படியோ அடையாளம் கண்டுவிடலாம். தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா, எண்ணெய் ஊற்றும் வாய் எந்தப் பக்கம், மேல்மூடியை எத்தனை போல்ட் பிடித்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் பிடிபட்டுவிடும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அப்படி முகம் கொடுக்காது. பக்கவாட்டில் ஒரு சின்னத் தகட்டில் எண் இருக்கும் என்பார்கள். அந்தத் தகடு எந்தக் காலத்திலோ கழன்று விழுந்திருக்கும். மிச்சமிருப்பது அடியில் உள்ள எண்ணெய்த் தட்டு ஒன்றுதான். கியர்பாக்ஸின் வயிற்றை மூடிக்கொண்டு, சுற்றிலும் போல்ட் போட்டு நிற்கும் தட்டு அது. ஒன்று சதுரமாக இருக்கும், ஒன்று நீளமாக இருக்கும், ஒன்றுக்கு இடுப்பில் பள்ளம் விழுந்திருக்கும், ஒன்றுக்கு ஒரு மூலையைச் சீவி எடுத்தது போலிருக்கும். அந்த வடிவத்தை வைத்துத்தான் இது இன்ன கியர்பாக்ஸ் என்று சொல்ல வேண்டும்.

அவர் தாமே ஒரு வழி வைத்திருந்தார். புது வடிவம் ஒன்று கைக்கு வந்தால், கழற்றிய தட்டை மேசைமேல் வைத்து, அதன் விளிம்பின்மேல் ஒரு தடித்த அட்டையைப் பரப்பி, சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டுவார். விளிம்பு அப்படியே அட்டையில் பதிந்து வெட்டுப்படும், போல்ட் துளைகளும் விழும். அட்டையைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டுவார். எண்ணெய் பட்ட பக்கம் எப்போதும் வெளியே தெரியும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து மேலே பார்த்தால் தட்டு எப்படித் தெரியுமோ, அந்தப் பக்கம் அது. வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. அதன் நீளச் சுவர் முழுவதும் இப்படி எண்ணெய்க் கறையோடு அட்டைகள் தொங்கின. என் தங்கைக்கு ஒரு முறை ஆசையாகப் புதுச் செருப்பு வாங்கி வந்தார். பெட்டி வந்தது, மூடி வரவில்லை. மூடி ஏற்கெனவே சுவரில் ஏறியிருந்தது.

நான் பேருந்துப் பணிமனையில் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன். பெயர் எழுதாத பொருளைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. ஒவ்வொரு அட்டையிலும் எந்த வண்டி, எந்த வருடம் என்று நானே எழுதித் தருகிறேன் என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன்.

"வேணாம் மச்சான். பேரை எழுதிட்டா அப்புறம் பேரைத்தான் படிப்பேன், வடிவத்தைப் பார்க்கமாட்டேன்" என்றார். "பேரை நம்பி ஏமாந்த வண்டிங்கதானே இங்க வந்து நிக்குது."

நான் பேனாவைத் திரும்பச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன். அடுப்படியிலிருந்து என் தங்கை மட்டும், அண்ணன் கையெழுத்து கோழி கிளறினது போலிருக்கும் என்ற உண்மையை மறைக்க மனுஷன் எவ்வளவு அழகாகச் சாக்கு சொல்கிறார் பார் என்றாள். அடுத்த நிமிடம் பாதங்கள் வண்டிக்கு அடியில் போய்விட்டன.

சென்ற வருடம் என் தங்கை அந்த முன்னறைக்கு வண்ணம் அடித்தாள். ஆள் வைக்கவில்லை, அவளே அடித்தாள். அட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி, எந்த ஆணியில் எது இருந்தது என்று மாறாமல் வரிசையாகத் தரையில் பரப்பி வைத்தாள். வண்ணம் காய்ந்ததும் பழையபடி மாட்டினாள். ஒரே ஒரு மாற்றம் செய்தாள். எண்ணெய்க் கறை பிடித்த பக்கத்தில் அந்தந்த வடிவத்துக்கே வெட்டிய வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டு, சுத்தமான பக்கம் வெளியே தெரியும்படி மாட்டினாள். சுவரிலும் கறை படாது, பார்க்கவும் அழகு. அவர் நின்று பார்த்தார். மிகவும் பாராட்டினார். அறையே பெரிதாகிவிட்டது போல் இருக்கிறது என்றார். பெரும்பாலான தட்டுகள் இடமும் வலமும் ஒத்திருப்பவை. திருப்பினாலும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு மூலை சீவியவை கொஞ்சம்தான். அவர் கண்ணில் அது படவில்லை. என் கண்ணிலும் படவில்லை.

அது முடிந்து சில மாதங்களில் ரொட்டியம்மாவின் வண்டி நின்றது.

ரொட்டியம்மா ஊரின் மறுகோடியில் அடுப்பு வைத்து ரொட்டி சுடுபவர். பெரிய ஆஸ்பத்திரிக்குக் காலை ரொட்டி அவரிடமிருந்துதான் போகும். அதற்கென்று ஒரு பழைய வேன் வைத்திருந்தார். அதுதான் கியர் போட்டால் எஞ்சின் மட்டும் கத்திக்கொண்டு, இருந்த இடத்தைவிட்டு அசையாமல் நின்றுவிட்டது. இரண்டு நாள் வேறொருவரின் வண்டியைக் கெஞ்சி வாங்கி அனுப்பினார். இரண்டு நாளும் ரொட்டி தாமதமாகவே போனது. நோயாளிகள் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், நாளைக்கும் நேரத்துக்கு வராவிட்டால் பெரிய தொழிற்சாலை ரொட்டிக்கு மாறிவிடுவோம் என்று ஆஸ்பத்திரி சமையற்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி போனால் இரண்டு அடுப்பில் ஒன்றை அணைக்க வேண்டும். மாவு பிசையும் இரண்டு பெண்களையும் வேறு வேலை பார்க்கச் சொல்ல வேண்டும். அதில் ஒருத்தி அவருடைய நாத்தனார்.

காலையில் தொலைபேசியில் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னார். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டார். அந்த வேனைப் பல வருடங்களுக்கு முன் அவரே கழற்றி மாட்டியிருக்கிறார். உள்ளே கிளட்ச் தகடுகள் கருகியிருக்கும், உதிரி வரவழைத்துச் சரி செய்ய நேரமில்லை, முழு கியர்பாக்ஸையே மாற்றினால்தான் உண்டு என்றார். அப்படி ஒன்று கிடைக்கக்கூடிய ஒரே இடம் ஊருக்கு வெளியே இருந்த பழைய வண்டிக் கிடங்கு. மறுநாள் காலையில் அங்கே நசுக்கும் இயந்திரம் வருகிறது, இருப்பதையெல்லாம் தட்டையாக்கி ஏற்றிக்கொண்டு போகப்போகிறார்கள். ரொட்டியம்மாவின் இடம் ஒரு திசை, கிடங்கு எதிர்த் திசை, முதலில் போய் வேனைப் பார்த்துவிட்டு வரப் பொழுது இல்லை. அவர் நேராகச் சுவருக்குப் போய், அந்த வேனின் அட்டையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டார். என்னையும் தம்முடைய சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

கிடங்கில் வண்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. வாசலிலேயே கறுப்பாக நீளமாக ஒரு சவ வண்டி. நாங்கள் இருவரும் அதைப் பார்க்காதது போல் கடந்து போனோம். கிடங்குக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "என்ன அண்ணே, எக்ஸ்ரே படத்தோட வந்துட்டீங்க? எந்த எலும்பு முறிஞ்சது?" என்று கேட்டார். எதை வேண்டுமானாலும் கழற்றலாம், கழற்றியதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் தனக்குக் கிடையாது என்றும் சொல்லிவைத்தார்.

மாப்பிள்ளை வரிசையாக ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் படுத்து அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனார். வெயில் ஏறியது. ஒரு பழைய பிக்கப் வண்டிக்கு அடியில் கட்டைவிரல் ஆடியது. பதினான்கு போல்ட், பின்பக்கம் ஒரு மூலை சீவியது, அட்டையோடு அச்சாகப் பொருந்துகிறது என்று உள்ளிருந்து குரல் வந்தது. எழுந்து பானட்டைத் திறந்தவர் கொஞ்சம் தயங்கினார். உள்ளே இருந்தது அதே கம்பெனியின் பெரிய எஞ்சின். ரொட்டி வேனில் இருப்பதோ சின்னது. சின்ன எஞ்சினுக்கு ஒரு கியர்பாக்ஸும் பெரிய எஞ்சினுக்கு வேறொரு கியர்பாக்ஸும் அந்தக் கம்பெனி போட்டிருந்தது.

"எஞ்சின் ஒத்துவரலையே மாப்பிள்ளை" என்றேன்.

"எஞ்சினை எவனோ பின்னால மாத்தியிருப்பான் மச்சான். எஞ்சின் பொய் சொல்லும். அட்டை சொல்லாது."

கழற்றி, இருவருமாக உருட்டி, கிடங்குக்காரரின் சங்கிலியில் தூக்கி லோடு வண்டியில் வைத்தோம். ரொட்டியம்மாவின் இடத்தை அடைந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ரொட்டியம்மா வாசலிலேயே காத்திருந்தார். கியர்பாக்ஸைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. மாவுக் கையாலேயே துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் வெள்ளை. மாப்பிள்ளை வேனின் அடியில் போனார்.

பாதங்கள் அசையவில்லை. நேராக நின்றன.

நான் கொஞ்ச நேரம் பொறுத்துக் குனிந்து பார்த்தேன். அவர் அட்டையைத் தட்டுக்கு நேரே பிடித்திருந்தார். அட்டையில் சீவிய மூலை இடப்பக்கம் இருந்தது. தலைக்கு மேலே தட்டில் அது வலப்பக்கம் இருந்தது. வெளியே வந்து தரையில் உட்கார்ந்தார். அட்டையைத் திருப்பினார். பின்னால் என் தங்கை ஒட்டிய வெள்ளைக் காகிதம். அதன் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். உள்ளே எண்ணெய்க் கறை தெரிந்தது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த அட்டை இத்தனை நாளும் முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கியிருக்கிறது. கிடங்கில் அதை வைத்துத் தேடியபோது, வலது மூலை சீவிய சின்ன எஞ்சின் கியர்பாக்ஸை விட்டுவிட்டு, இடது மூலை சீவிய பெரிய எஞ்சின் கியர்பாக்ஸைக் கொண்டுவந்திருக்கிறோம். பிக்கப்பின் எஞ்சின் மாறவே இல்லை, உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ரொட்டியம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன அண்ணே?"

"தப்பான பெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டேம்மா. நான் சரியாப் பார்க்கல" என்றார் மாப்பிள்ளை. "பொழுது இருக்கு. திரும்பப் போறேன்."

வண்டியில் பாதித் தூரம் போனோம். பிறகு, "மச்சான், அவகிட்ட இதைச் சொல்லவேணாம். அந்தச் சுவரை எவ்வளவு ஆசையாப் பண்ணினா" என்றார். நான் தலையாட்டினேன். என் தங்கையை எனக்கு அவரைவிட அதிக வருடங்களாகத் தெரியும். அவளிடம் எதையும் மறைத்து ஜெயித்தவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

கிடங்குக்காரர் பூட்டப் போகிற நேரம். எங்களைக் கண்டதும் கையை அகல விரித்து, திருப்பி எடுக்கமாட்டேன் என்று காலையிலேயே சொன்னேனே என்றார். மாப்பிள்ளை அதற்குப் பதில் சொல்லாமல் காகிதத்தைக் கிழித்துவிட்டு, கறைப் பக்கம் தம்மைப் பார்க்கும்படி அட்டையைப் பிடித்துக்கொண்டு, முதல் வரிசையிலிருந்து மறுபடி படுத்தார். மூன்று வரிசையும் ஆயிற்று. ஒன்றும் இல்லை. எழுந்து சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டியவர் வாசல் பக்கம் பார்த்தார்.

சவ வண்டியின் மூக்கில் வேறு ஏதோ பெயர்தான் இருந்தது. வண்டியின் உடம்பை நீட்டிக் கட்டியவர்கள் தங்கள் பெயரை ஒட்டிவிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை பானட்டைத் திறந்தார். உள்ளே அதே கம்பெனியின் சின்ன எஞ்சின். டிஸ்ட்ரிபியூட்டர், எண்ணெய் வாய், மேல்மூடி போல்ட் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பார்த்தார். அதன் பிறகுதான் அடியில் போனார். நான் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் ஒரு பாதம் மற்றதன்மேல் ஏறியது. பிறகு இறங்கியது. வலது கட்டைவிரல் மெல்ல ஆடத் தொடங்கியது.

கிடங்குக்காரர் தலையைச் சொறிந்தார். "நாளைக்கு எல்லாத்தையும் எடைபோட்டுத்தான் எடுத்துட்டுப் போறான். எனக்கு இரும்புன்னா எல்லாம் ஒண்ணுதான். அதை இங்க வச்சுட்டு இதைக் கழட்டிக்கோங்க. திருப்பி எடுத்தேன்னு மட்டும் வெளியில சொல்லிடாதீங்க" என்றார். கழற்றும்போது விளக்கும் அவரே பிடித்தார்.

திரும்பும் வழியில் எனக்கு ஒரு கவலை. கியர்பாக்ஸ் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று ரொட்டியம்மாவிடம் சொல்லவேண்டியதில்லை, சாப்பிடும் பொருள் போகிற வண்டி, மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும் என்றேன். மாப்பிள்ளை ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கு ஏற்கெனவே எஞ்சின் பொய் சொல்கிறது என்று தவறாகச் சொல்லியாகிவிட்டது, இதையாவது சரியாகச் சொல்லிவிடுகிறேன் என்றார். போய் இறங்கியதும் சொல்லியும் விட்டார்.

ரொட்டியம்மா கியர்பாக்ஸைத் தொட்டுப் பார்த்தார்.

"அதுல போனவங்களை யாரும் வேகமாக் கொண்டு போயிருக்கமாட்டாங்க இல்ல?" என்று கேட்டார்.

"எங்கம்மா வேகமாப் போறது? ஊர்ந்துகிட்டேதான் போயிருக்கும்."

"அப்போ தேயாம இருக்கும். மாட்டுங்க அண்ணே. என் ரொட்டிக்கு ஒண்ணும் பயம் கிடையாது."

இரவெல்லாம் மாட்டினோம். மாவு பிசையும் நாத்தனார் ஜாக்கியைப் பிடித்தார், நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். அந்த வேலையைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை, ஏனென்றால் பாதங்களைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

விடியும்போது என் தங்கை சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். அடுப்பிலிருந்து முதல் ரொட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன, இடமெல்லாம் சூடான வாசனை. அவர் கை கழுவப் போயிருந்தார். அட்டை வாசலருகே தரையில் கிடந்தது. அதை எடுத்தாள். ஓரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த காகிதத் துண்டைத் தொட்டுப் பார்த்தாள். கறைப் பக்கத்தையும் சுத்தமான பக்கத்தையும் மாற்றி மாற்றித் திருப்பினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அவர் வந்ததும் கேட்டாள். "நான் திருப்பி மாட்டினதாலதான இவ்வளவும்?"

"நீ மாட்டினது சரிதான். மேலேருந்து பார்க்கிறவங்களுக்கு அது அப்படித்தான் தெரியும். நான் கீழே படுத்துப் பார்க்கிறவன்" என்றார்.

"அதைச் சொல்லக்கூடாதா? இத்தனை வருஷமாச் சுவத்துல தொங்குது. எது மூஞ்சி எது முதுகுன்னு எனக்கு யாரு சொன்னா?"

"நீ கேக்கலையே."

"கேக்கலாம்னு வந்தப்பல்லாம் நீங்க அடியில இருந்தீங்க."

ரொட்டியம்மாவின் நாத்தனார் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினார். மாப்பிள்ளை, சுவர் அப்படியே இருக்கட்டும், இனி எடுக்கும்போது நான் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவு பாடுபட்டு ஒட்டியிருக்கிறாய் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும் ஒவ்வொரு அட்டையிலிருந்தும் காகிதத்தை உரித்து, கறைப் பக்கம் வெளியே தெரிய மாட்டப்போகிறாள். அழகு போனால் போகிறது என்றாள். வேண்டுமானால் சுத்தமான பக்கத்தில் காகிதம் ஒட்டிக்கொள்ளட்டும் என்று அவர் சொன்னார். சுவரைப் பார்க்கிற பக்கத்தை அழகாக்கி யாருக்குக் காட்டப்போகிறேன் என்று அவள் கேட்டாள். எனக்கு, சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு மட்டும் எழுதலாமே என்று நாக்கின் நுனிவரை வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து என்மேல் பாய்வார்கள் என்று தெரிந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

அதற்குள் ரொட்டித் தட்டுகளை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. ரொட்டியம்மா வண்டியில் ஏறி எஞ்சினைப் போட்டார். பின்பக்கக் கியரில் வைத்தார். வேன் ஒரு சின்ன உதறலோடு வாசலைவிட்டு அலுங்காமல் தெருவுக்கு வந்தது. முன் கியரில் வைத்ததும் நகரத் தொடங்கியது. மாப்பிள்ளை வெறுங்காலோடு அதன் பக்கத்திலேயே நடந்தார். உள்ளங்கையை வேனின் உடம்பில் வைத்திருந்தார். வேகம் கூடக்கூட அவர் நடை ஓட்டமானது. முதல் கியரில் போகும் வண்டி இரண்டாவதுக்குத் தானாக மாற வேண்டும். மாறினால்தான் ஆஸ்பத்திரிக்கு ரொட்டி நேரத்துக்குப் போகும்.

"விழுந்து வைக்கப் போறார்" என்றாள் என் தங்கை. தூக்கைக் கீழே வைத்துவிட்டு நான்கு அடி முன்னால் போய் நின்றாள்.

தெருமுனையை நெருங்கும்போது எஞ்சின் சத்தம் ஒரு முறை தாழ்ந்தது. கை வேனைவிட்டு விலகியது. வேன் வளைவில் திரும்பி மறைந்தது. அவர் நடுத்தெருவில் குனிந்து, முழங்காலில் கைகளை ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"மாறிடுச்சு" என்று அங்கிருந்தே சொன்னார்.